பச்சை அட்டை புஸ்தகம் இப்போ என்கிட்ட இருக்கு

பாப்பா,

மணி ராத்திரி பத்தரை ஆகுது. வெளிய மழை. ஐப்பசி மழை பத்தி உனக்கு சொல்லணுமா, காலைல புடிச்சது இன்னும் விடல, எதிர் வீட்டு லைட்டு கூட தெரியாத அளவுக்கு மிஸ்ட்டு. போன்ல பேசலாம்னு தான் நினைச்சேன். ஆனா போன் பண்ணா நல்லா இருக்கேன்பா, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு நான் கேக்க வேண்டியதை எல்லாம் நீ கேட்டு முடிச்சுடுற, அப்புறம் குக்கர் விசில் அடிக்குதுன்னு வெச்சுடுற. அதான் தட்டுறேன். மெதுவா படி. படுத்துட்டு படிக்காத, கண்ணு கெட்டுடும்.

நேரத்துக்கு சாப்பிடு சாமி. மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லல, அவர் மேல கோவப்படாத. நான் தான் கேட்டேன். காலைல வெச்ச இட்லி மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்துச்சுன்னு மட்டும் சொன்னார். அப்புறம் கட்டில் பக்கத்துல நாலஞ்சு புஸ்தகம் கிடக்குதாம், ஒண்ணை எடுக்குறியாம், ரெண்டு பக்கம் போனதும் கவுத்து வெச்சுட்டு வேற எடுக்குறியாம். எனக்கு இட்லியை விட இது தான் பயமா இருந்துச்சு. உனக்கு சோறு இறங்காத நாள் நான் பார்த்திருக்கேன், புஸ்தகம் இறங்காத நாள் பார்த்ததே இல்ல.

மூணு வாரம் முன்னாடி நீ கேட்ட இல்ல, "அப்பா அடுத்து என்ன படிக்கலாம், நீங்களே சொல்லுங்க"ன்னு. அந்த ஒரு மெசேஜ் வந்ததும் எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா. ஆடிக்கு அப்புறம் நீயா என்கிட்ட கேட்ட ஒரே விஷயம் அது. அன்னைக்கு ராத்திரியே உக்காந்து ஏழு புஸ்தகம் எழுதி அனுப்பினேன். நீ கட்டைவிரல் படம் ஒண்ணு போட்ட, அவ்ளோதான். அந்த லிஸ்ட்டை பத்தி தான் இப்போ எழுத வந்தேன். அதை அழிச்சுடு. அது சரியில்ல. ஏன் சரியில்லன்னு கீழ சொல்றேன்.

ஊர்ல விசேஷம் ஒண்ணும் இல்ல. அத்தை வீட்டுக்கு மறுபடியும் கரடி வந்துடுச்சு, பின் கதவை உடைச்சு எண்ணெய் கேனை கவுத்து நக்கிட்டு போயிருக்கு. அத்தைக்கு அடி கிடி ஒண்ணும் இல்ல. தேயிலை பச்சை இலை விலை அப்படியே தான் இருக்கு. பண்டிகைக்கு நீ வரல, சரி. தீபாவளிக்கும் வரல. எல்லாரும் கேட்டாங்க, லீவு இல்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒரு நாள் வந்துட்டு போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு தோணுச்சு, அப்புறம் வராததும் நல்லதுன்னு தோணுச்சு, வர்றவங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க.

சாப்பிடு. தலைக்கு ஊத்தினா நல்லா துவட்டு.

உன்னை பத்தி நான் யார்கிட்ட பேசினாலும் மொதல்ல சொல்றது பொன்னியின் செல்வன் தான். கல்கி பத்திரிகைல 1950-ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் வந்த கதை, ஜனங்க வாரா வாரம் காத்திருந்து படிச்சாங்க, அந்த அஞ்சு பாகத்தையும் என் பொண்ணு ஏழாவது லீவுல 23 நாள்ல முடிச்சான்னு. நம்ம பழைய நூலகர் சார் நம்பல, நடுவுல இருந்து கேள்வி கேட்டார், நீ அந்த குடந்தை ஜோசியர் வீட்டை அப்படியே சொன்ன. அவர் எழுந்து நின்னு கை கொடுத்தார் உனக்கு. பன்னெண்டு வயசு பொண்ணுக்கு. பாக்டரில ட்ரையர் சத்தத்துல யாருக்கும் ஒண்ணும் கேக்காது, ஆனா அன்னைக்கு ஷிப்டுல இருந்த எல்லார்கிட்டயும் கத்தி கத்தி சொன்னேன்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

போன செவ்வாய்க்கிழமை மழை கொஞ்சம் விட்டுச்சு, கிளை நூலகம் வரைக்கும் நடந்து போனேன். இப்போ இருக்கிற நூலகர் மேடம் சின்ன பொண்ணு, சுவத்துல பெருசா எழுதி மாட்டியிருக்கு, நம்ம சீர்காழி ரங்கநாதன் 1931-ல நூலகத்துக்குன்னு சொன்ன அஞ்சு விதி. ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நூல், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்னு அதுல வருது. அதை எத்தனை வருஷமா பார்த்துட்டு இருக்கேன். அன்னைக்கு தான் நின்னு படிச்சேன். அப்புறம் நேரா நாவல் ரேக்குக்கு போனேன், கீழ் தட்டுல, ஓரமா, அந்த பச்சை அட்டை புஸ்தகம் இருந்துச்சு.

எதை சொல்றேன்னு உனக்கு தெரியும்.

பாப்பா, அந்த புஸ்தகத்தை வேற யாரும் எடுத்துட்டு போகல. நான் தான் எடுத்து வெச்சிருந்தேன். 2003-ல ஒரு வருஷம் பூரா அது பாக்டரில என் மரப்பெட்டில, டிபன் பாக்ஸுக்கு கீழ கிடந்துச்சு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஸ்வெட்டருக்குள்ள வெச்சு எடுத்துட்டு போய் முத்திரை குத்திட்டு வருவேன். நீ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போய் "வந்துடுச்சா சார்"னு கேப்ப. சாரையும் பொய் சொல்ல வெச்சேன். அவர் நல்ல மனுஷன், உன் முகத்தை பார்க்காம லெட்ஜரை பார்த்துட்டே இல்லம்மான்னு சொல்லுவார்.

அம்மா போனதுக்கு அப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு. உனக்கு எந்த புஸ்தகம் எடுத்தாலும் கவுண்டர்லயே நின்னு கடைசி அத்தியாயத்தை பார்த்துடுவேன். யாராவது செத்தா திருப்பி வெச்சுடுவேன். அதுலயும் வீட்டுல, படுக்கைல, நோய்ல யாராவது சாகுறது இருந்தா தொடவே மாட்டேன். ஜிம் கார்பெட் எழுதின குமாயுன் புலிகள் மட்டும் குடுத்தேன், நினைவு இருக்கா? அதுல அந்த சம்பாவத் புலி மட்டும் 436 பேரை கொன்னதா கணக்கு. 436 பேர் செத்த கதையை தைரியமா உன் கையில குடுத்தேன், ஒரே ஒரு அம்மா சாகுற கதையை ஒளிச்சு வெச்சேன். என்ன புத்தி இது. கோயம்புத்தூர்ல இருந்து வந்து "ஞாயித்துக்கிழமை அம்மாவை கூட்டிட்டு வந்துடுவேன்"னு உன்கிட்ட சொன்னேன் இல்ல, அப்பவே டாக்டர் என்கிட்ட சொல்லிட்டார். அந்த பொய்யை காப்பாத்த தான் அப்புறம் ஒவ்வொரு புஸ்தகமா தேடி தேடி அலைஞ்சேன்னு இப்போ தோணுது.

இதை உன்கிட்ட ஒரு நாள் சொல்லணும்னு 20 வருஷமா நினைச்சுட்டே இருந்தேன். உனக்கு தெரியாதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை புஸ்தகத்தை திறந்தேன். பின் அட்டைல ஒட்டியிருக்கிற தேதி சீட்டுல 2003-ன்னு வரிசையா 22 முத்திரை, எல்லாம் என்னோடது. பக்கம் சேர்ற மடிப்புல இன்னும் தேயிலை தூசி இருக்கு பாப்பா, விரல்ல ஒட்டுது. அப்புறம் முன்னாடி திருப்பினேன். பதினாறாம் பக்கத்துல பக்க எண்ணை சுத்தி பென்சில்ல ஒரு வட்டம். முப்பத்தி ஒண்ணுல ஒண்ணு. நாப்பத்தி ஏழுல, அறுபதுல. நூலகத்து புஸ்தகத்துல கிறுக்காதேன்னு உன்னை எத்தனை தடவை திட்டியிருக்கேன், நிறுத்தின இடத்துல வட்டம் போடுறது உன் பழக்கம், அந்த வட்டமும் முழுசா மூடாது, மேல கொஞ்சம் திறந்தே இருக்கும். ஊர்ல வேற யாருக்கும் அப்படி வராது.

வீட்டுக்கு எடுத்துட்டு வராம அங்கயே உக்காந்து, பெஞ்சுல, தினம் பத்து பதினஞ்சு பக்கம். நான் பார்த்துட கூடாதுன்னு. எத்தனை வயசுல நீ படிச்சன்னு தெரியல. 118-ஆம் பக்கத்துல ஏழு வட்டம் இருக்கு, ஒண்ணு மேல ஒண்ணு, பேப்பர் தேஞ்சு போயிருக்கு. ஏழு நாள் அதே பக்கத்துல வந்து நின்னிருக்க. அந்த பக்கத்துல என்ன இருக்குன்னு எனக்கு தெரியும், அதுக்காக தானே ஒளிச்சேன்.

நூலகத்துல நின்னுட்டே இருந்தேன். மேடம் வந்து தண்ணி வேணுமா ஐயான்னு கேட்டாங்க.

அந்த ஏழு நாளும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து எனக்கு டீ போட்டு குடுத்திருப்ப. பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சுன்னு சிரிச்சுட்டே சொல்லியிருப்ப. நான் நல்லா இருக்கணும்னு. இன்னைக்கும் அதை தான் பண்ற. சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா.

நான் அதை பத்தி கேக்கல. கேக்க மாட்டேன். அம்மா இருந்திருந்தா கேட்டிருப்பா, பக்கத்துல உக்காந்து தலையை தடவிட்டே கேட்டிருப்பா. எனக்கு அந்த மாதிரி வராது. 2018-ல கொடைக்கானல்ல குறிஞ்சி பூத்தப்போ நாம போனோமே, நீ அந்த சரிவுல உக்காந்து ராஜம் கிருஷ்ணனோட குறிஞ்சித்தேன் படிச்ச, நம்ம நீலகிரி கதையை பழனி மலைல உக்காந்து படிக்கிறேன்பான்னு சொன்ன, 2030-ல மறுபடி வரலாம்னு பேசிக்கிட்டோம். இந்த வருஷம் சித்திரைல நான் ஒரு கணக்கு போட்டேன், 2030-ல அஞ்சு வயசு இருக்கும், தோள்ல தூக்கிட்டு ஏறிடலாம்னு. அதை விடு.

அந்த ஏழு புஸ்தகம் லிஸ்ட்டை ஏன் அழிக்க சொன்னேன்னு இப்போ புரிஞ்சிருக்கும். ஏழும் யாரும் சாகாத புஸ்தகம். 34 வயசு பொண்ணுக்கு மறுபடியும் கவுண்டர்ல நின்னு கடைசி பக்கத்தை பார்த்து தான் அனுப்பியிருக்கேன். துப்பறியும் சாம்புவை மூணாவது தடவையா எழுதியிருந்தேன். நல்ல புஸ்தகம் தான், சிரிக்க தோணும்போது படி, சிரிக்கணுமேன்னு படிக்காத.

என்ன படிக்கணும்னு நான் இனி சொல்ல மாட்டேன். ஆனா எப்படி எடுக்கணும்னு ரெண்டு வார்த்தை, நான் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் படிச்சு தெரிஞ்சுகிட்டது. மனசு ஒரு இடத்துல நிக்காதப்போ பெரிய நாவலை எடுக்காத. அது பத்து பேரை நினைவு வெச்சுக்க சொல்லும், முடியாது, முடியலையேன்னு இன்னும் வருத்தம் ஆகும். சிறுகதை எடு, ஒரு உக்காருதல்ல ஒண்ணு, முடிச்சோம்னு இருக்கும். அதுவும் முடியலைன்னா பயணம், பறவை, செடி கொடி, இந்த மாதிரி எந்த பக்கத்துல திறந்தாலும் படிக்கலாம் பாரு, அது. கதைக்கு அப்புறம் கதையே எடுக்காம நடுவுல ஒரு நிஜ மனுஷனோட வாழ்க்கையை எடு. அம்பது பக்கம் போயும் பிடிக்கலைன்னா மூடிடு, காசா பணமா. நாலு புஸ்தகம் கவுந்து கிடக்குறது தப்பு இல்ல, மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன், அதை எடுத்து அடுக்காதீங்கன்னு.

நான் இப்போ தான் உ.வே.சா. ஐயாவோட என் சரித்திரம் முடிச்சேன். இத்தனை வருஷம் அதை எடுக்காம இருந்தேன், காரணம் என்னன்னு நினைக்கிற, பழக்க தோஷத்துல கடைசி பக்கத்தை திருப்பினா அங்க ஒரு முடிவே இல்ல. ஆனந்த விகடன்ல 1940-ல இருந்து எழுதிட்டு வந்தவர் 1942-ல காலமாயிட்டார், கதை பாதில நிக்குது. முடிவு தெரியாத புஸ்தகத்தை எப்படி குடுக்குறதுன்னு உனக்கும் குடுக்கல, நானும் படிக்கல. படிச்சா அதுல அவரோட ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-ல கண்ணை மூடுற இடம் வருது. இவர் பக்கத்துல உக்காந்து திருவாசகம் படிக்கிறார், அடைக்கலப் பத்து. அவ்ளோதான் பண்ண முடிஞ்சுது அவரால, பக்கத்துல உக்காந்து படிக்க மட்டும் தான். அந்த இடத்துல நான் மூடி வெச்சுட்டு வெளிய வந்து ரொம்ப நேரம் சில்வர் ஓக் மரத்தை பார்த்துட்டு நின்னேன். உங்க அம்மாவுக்கு நான் பக்கத்துல உக்காந்து ஒண்ணும் படிக்கல. ஓடிட்டே இருந்தேன், பில்லு, மருந்து, பஸ்ஸுன்னு.

உனக்கு கோட்டூர்புரத்துல அவ்ளோ பெரிய நூலகம் இருக்கு, 2010-ல திறந்தப்போ நாம டிவில பார்த்தோமே, அங்க ஒரு நாள் போயிட்டு வா. ஒண்ணும் எடுக்க வேண்டாம், படிக்க வேண்டாம், சும்மா போய் ஒரு பெஞ்சுல உக்காந்துட்டு வா. போறதுக்கு முன்னாடி சாப்பிட்டு போ.

அத்தை பின்னின அந்த மஞ்சள் ஸ்வெட்டர் ட்ரங்க் பெட்டில தான் இருக்கு. யாருக்காவது குடுத்துடலாம்னு அத்தை சொன்னா. நான் குடுக்கல. பாச்சா உருண்டை போட்டு, துணில சுத்தி, அம்மாவோட பட்டுப்புடவை மேல வெச்சிருக்கேன். நீ சொல்ற வரைக்கும் அங்கயே இருக்கும்.

பச்சை அட்டை புஸ்தகத்தை மொதல் பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சிருக்கேன். கடைசி அத்தியாயம் தவிர அதுல ஒரு வரி நான் படிச்சது இல்ல பாரு. நீ நிறுத்தின இடத்துல தான் நானும் நிறுத்துறேன், நேத்து அறுபதாம் பக்கம் வந்தேன். 118-க்கு அப்புறம் உன் வட்டம் ஒண்ணு கூட இல்ல. மீதியை ஒரே மூச்சுல முடிச்சியா, இல்ல அங்கயே விட்டுட்டியா?

நூலகத்து புஸ்தகம், கூரியர்ல அனுப்ப கூடாது. மேடம்கிட்ட கேட்டுட்டேன், இன்னொரு பதினஞ்சு நாள் முத்திரை போட்டு குடுத்தாங்க. மேட்டுப்பாளையத்துல ராத்திரி ட்ரெயின் ஏறினா காலைல சென்ட்ரல். நானே எடுத்துட்டு வர்றேன். உனக்கு படிக்க தோணுச்சுன்னா படி, இல்லைன்னா நான் பக்கத்துல உக்காந்து படிக்கிறேன், நீ படுத்துட்டே கேளு, இந்த தடவை படுத்துக்கலாம். பேச வேண்டாம். டிக்கெட் போடவா?

அப்பா