பில் வேறு, சர்டிபிகேட் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடு கட்டுவோருக்குச் சென்ற இதழில் வந்த யோசனை: "வேலை திருப்தியில்லை என்றால் பணத்தை நிறுத்துங்கள்." டர்பனில் ஜேபிசிசி ஒப்பந்தம் (தென்னாப்பிரிக்காவில் கட்டட வேலைக்குப் பரவலாகப் போடும் அச்சு ஒப்பந்தம்) போட்டுக் கட்டுகிறவர் இதை நம்பினால் வழக்கில்தான் போய் நிற்பார்.

அந்த ஒப்பந்தத்தில் கான்ட்ராக்டர் நீட்டும் பில் வெறும் கோரிக்கை. உரிமையாளர் அமர்த்திய முதன்மை முகவர், பெரும்பாலும் ஆர்க்கிடெக்ட், மாதாமாதம் வேலையை மதிப்பிட்டுத் தரும் பேமென்ட் சர்டிபிகேட்தான் கடன். அந்தப் பணத்தை 14 நாளில் கொடுத்துவிட வேண்டும். உரிமையாளரே எழுதிக் கொடுத்த கடன் சீட்டு மாதிரிதான் நீதிமன்றம் அதைப் பார்க்கும். 2009இல் ஜூப் ஜூப் என்ற நிறுவனத்தின் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைக் கைக்காசுக்குச் சமமாகவே கொண்டது. முகவர் சரியாக அளக்கவில்லை என்ற சாக்கு எடுபடாது. அவர் உங்கள் ஆளாயிற்றே!

கணக்கைப் பாருங்கள். இதுவரை முடிந்த வேலை 4,20,000 ரேண்ட். 10 விழுக்காடு பிடித்தம் 42,000. முன்பே கொடுத்தது 2,50,000. மீதி 1,28,000; அதன்மேல் 15 விழுக்காடு வாட் 19,200. கட்ட வேண்டியது 1,47,200. குளியலறை டைல்ஸ் தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கிறதா? அதை 4,20,000இல் சேர்க்கும் முன்பே முகவருக்கு எழுத்தில் சொல்லுங்கள். தவறிவிட்டால், ஒவ்வொரு சர்டிபிகேட்டும் தொடக்கத்திலிருந்து கூட்டி வருவதால், அடுத்த மாதம் மதிப்பைக் குறைக்கச் சொல்லலாம். ஆனால் இந்த மாதத் தொகையை நிறுத்திவிடாதீர்கள்.

முகவரோ சர்டிபிகேட்டோ இல்லாத வாய்மொழி வேலைக்குக் கட்டுரையாளர் சொன்னது ஓரளவு பொருந்தும். அங்கே வேலையை முடித்த பிறகே கூலி கேட்க முடியும், தவணை பேசியிருந்தால் ஒழிய. ஆனால் குறையுள்ள வீட்டில் குடியேறிவிட்டு ஒரு சதம்கூடத் தரமாட்டேன் என்றால், சரிசெய்யும் செலவைக் கழித்து மீதியைக் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு இடமுண்டு. அந்தச் செலவு எவ்வளவு என்று நிரூபிப்பது கான்ட்ராக்டர் பாடு.

கான்ட்ராக்டர்களுக்கும் ஒன்று. பணம் வரும்வரை கட்டடத்தைக் கைவசம் வைத்திருக்கும் உரிமை, சாவியைக் கொடுத்த நிமிடமே போய்விடும். வங்கிக் கடனில் கட்டும் வீடு என்றால், அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் தாளில் வங்கி முதலிலேயே கையெழுத்து வாங்கியிருக்கும். வாசிக்காமல் போட்டவர்கள்தான் அதிகம். பாக்கி கேட்டு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. "அடுத்த மாதம் தருகிறேன்" என்று உரிமையாளர் சொன்னால், வாட்ஸ்ஆப்பிலாவது எழுதி வாங்குங்கள். கடனை ஒப்புக்கொண்டால் அந்தக் கெடு புதிதாகத் தொடங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டர்பன்