எஞ்சின் ஒன்று, தோற்றம் பல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரே கிராபிக்ஸ் எஞ்சினில், அதாவது காட்சிகளைத் திரையில் உருவாக்கித் தரும் அடிப்படை மென்பொருளில், உருவாகும் வீடியோ கேம்கள் எல்லாம் ஒரே சாயலில்தான் இருக்கும் என்ற எண்ணம், சேலத்தில் கேம் வடிவமைப்பு பயில விரும்பும் மாணவர்களிடமும் பரவலாக உள்ளது. இது சரியன்று. 2006இல் வெளியான 'கியர்ஸ் ஆஃப் வார்', 2008இல் வந்த 'மிரர்ஸ் எட்ஜ்', 2009இல் வந்த 'பார்டர்லேண்ட்ஸ்' ஆகிய மூன்றும் அன்ரியல் எஞ்சின் 3இல் உருவானவை. முதலாவது பழுப்பேறிய இடிபாடுகளும் இருளும் நிறைந்தது. இரண்டாவது வெள்ளைக் கட்டடங்களும் பளிச்சென்ற சிவப்பும் கொண்டது. மூன்றாவதோ கறுப்புக் கோடிட்ட சித்திரக்கதை போன்றது. அதே எஞ்சினில் 2014இல் வந்த 'கில்டி கியர் எக்ஸ்ஆர்டி' என்னை மிகவும் வியக்க வைத்தது. முப்பரிமாண உருவங்களின் மீது நிழல் விழும் விதத்தைக் கலைஞர்கள் கையாலேயே திருத்தி, அசைவுகளின் இடைநிலைப் படச்சட்டங்களையும் (ஃபிரேம்கள்) வேண்டுமென்றே குறைத்ததால், அது கையால் வரைந்த ஜப்பானிய அனிமேஷனாகவே தோன்றுகிறது.

எஞ்சின் தருவது ஒளிக்கணக்கும் கருவிகளும் மட்டுமே. ஏற்காட்டின் காலைப் பனிமூட்டத்தைத் திரையில் கொண்டுவர நினைப்பவர் அதன் அடர்த்தி, நிறம், உயரத்துக்கேற்ப அது மெலியும் அளவு ஆகியவற்றைத் தாமே தீர்மானிக்க வேண்டும். எஞ்சினில் முன்பே அமைந்துள்ள அளவுகளை அப்படியே விட்டுவிட்டால்தான் எல்லா மலைகளும் ஒன்றுபோலாகின்றன. ஆகவே, நம் பகுதிக் கல்லூரிகள் மென்பொருள் பயிற்சியோடு ஓவியத்தையும் ஒளியமைப்பையும் கட்டாயப் பாடங்களாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.