லாத்தா, அந்தக் கஞ்சியைப் பற்றி

லாத்தாவுக்கு,

உங்கள் பணி நிறைவு விழாவில் பேசுகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பேரை எடுக்கச் சொன்னது நான்தான். இந்நேரம் யாராவது உங்கள் காதில் போட்டிருப்பார்கள், காரணத்தையும் அவரவர் இஷ்டத்துக்குச் சேர்த்திருப்பார்கள். மைக் முன்னால் நின்றால் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்வேன். நேர்மையானவர், கண்டிப்பானவர், ரொக்கப் புத்தகத்தை ஒரு புரட்டுப் புரட்டினாலே எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். அதெல்லாம் உண்மை. ஆனால் உங்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது சாப்பாட்டைப் பற்றி. சால்வை போடுகிற மேடையில் அதைப் பேச வராது.

நான் ஏன் கவிச்சியை விட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும், அதை இங்கே எழுதப்போவதில்லை. படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று மட்டும்: நான் பிறந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி வேகாமல் இருந்ததில்லை, என் அண்ணன் வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான். என் தட்டை வைத்து என் சாதியையும், உங்கள் வீட்டில் அக்காவை அழைப்பதுபோல 'லாத்தா' என்று நான் உங்களைக் கூப்பிடுவதை வைத்து வேறு எதையோவும் தேடி வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. நாம் தணிக்கைக்குப் போன கூட்டுறவுச் சங்கங்களின் பேரையும் எழுதவில்லை. அந்த மனிதர்கள் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாடினேன் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ராமேஸ்வரத்தை நினைத்துக்கொள்கிறார்கள். கோயிலைச் சுற்றி வரிசையாக சைவ ஓட்டல், வடநாட்டு யாத்திரைக்காரர்களுக்கு ரொட்டி சப்ஜிகூடக் கிடைக்கும். அது யாத்திரை ஊர். பாம்பன் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே தேவிபட்டினம், தொண்டி என்றும், தெற்கே ஏர்வாடி, சாயல்குடி, மூக்கையூர் என்றும் பஸ் ஏறி இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். காலையில் கவலையில்லை, எந்த ஊரிலும் நாலு இட்லி கிடைத்துவிடும். பதினோரு மணிக்கு இட்லிச் சட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாடு. சாயங்காலம் பரோட்டா. "சைவம் இருக்காண்ணே?" என்றால் "இருக்கு, வாங்கம்மா" என்றுதான் பதில் வரும், இல்லை என்று சொல்லி யாரையும் அனுப்புகிற ஊர்கள் இல்லை இவை. உட்கார்ந்த பிறகு சால்னா வாளியோடு வருவார். "வெறும் சால்னாதாம்மா, பீஸ் இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் துண்டு கண்ணுக்குத் தெரிந்தால்தான் அசைவம். கத்தரிக்காய்க் குழம்பில் வாசத்துக்கு ஒரு கருவாட்டுத் தலை, சுரைக்காய்க் கூட்டில் ஒரு பிடி கூனி இறால், தேங்காய்ச் சம்பலில் இடித்துப் போட்ட மாசிக் கருவாடு, இதெல்லாம் உப்பு புளி கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சமைத்த அம்மாவிடமே கேட்டால் "காய்தான் போட்டேன்" என்பார், மனசறிந்துதான் சொல்வார். அதனால்தான் நான் "சைவமா?" என்று கேட்பதை விட்டுவிட்டு "என்னென்ன போட்டு இறக்குனீங்க?" என்று கேட்கப் பழகினேன். தோசைக்கல்லில் கடைசியாக ஊற்றியது ஆம்லெட்டா என்பது அடுத்த கேள்வி. சாம்பாருக்கும் மீன்குழம்புக்கும் ஒரே கரண்டியா என்பது அதற்கடுத்தது. அடுத்தவருக்கு எரிச்சல் வரும் என்று தெரியும். ஆனால் ஒரு கேள்வியை விட்ட நாளில்தான் வாயில் அது தட்டுப்படும், அப்புறம் நாள் முழுக்க ஒன்றும் இறங்காது.

இந்தக் கேள்விகளையெல்லாம் எனக்காக முதலில் கேட்டது நீங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய் திறக்கக் கூச்சப்பட்டு வாழைப்பழமும் பன்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் நேராக அடுப்படிக்கே போய்விடுவீர்கள். "கல்லைக் கழுவிட்டு ஊத்துங்க காக்கா, என் தங்கச்சி சைவம்." கடைக்கார அண்ணன்மார் எல்லோரும் உங்களுக்குக் காக்காதான். அப்படிச் சொல்லிவிட்டு உங்களுக்கு அதே கடையில் நெய்மீன் வறுவல் வாங்கிக்கொண்டு மேசையின் அந்தக் கோடியில் போய் உட்காருவீர்கள். எதிரில் உட்காருங்கள், எனக்கு ஒன்றும் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்டதில்லை.

இன்னொன்றும் உங்களிடம் கற்றதுதான். சங்கத்துச் செயலாளர்கள் தணிக்கைக்கு வந்தவர்களைப் பட்டினி போடமாட்டார்கள், மேடத்துக்கு சைவம் என்று தெரிந்தால் ராம்நாட்டுக்கு ஆளனுப்பியாவது பொட்டலம் வரவழைத்துவிடுவார்கள். நீங்கள் ஒரு டீயைக்கூடத் தொடவிட்டதில்லை. சாப்பிட்ட இடத்தில் கணக்குக் கேட்க முடியாது என்பீர்கள். அந்தக் கண்டிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அதனால் பட்டினி கிடந்தது நான், நீங்கள் இல்லை. உங்களுக்கு எந்தக் கடையிலும் இலை விழும். இதை நீங்கள் ஒருநாளாவது யோசித்ததுண்டா?

சரி, அதை விடுங்கள். நல்ல நாட்களும் இருந்தன. கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், தூத்துக்குடிச் சாலை முழுக்க ஐயப்பன்மார் வண்டி, சாயல்குடி ஏர்வாடிப் பக்கத்துக் கடைகளிலெல்லாம் சைவ போர்டு தொங்கும், தை வரைக்கும் எனக்குத் திருவிழாதான். அமாவாசையிலும் அப்படி. தையில் ரோட்டோரத்தில் அவித்த பனங்கிழங்கு, கோடையில் நுங்கு. திருப்புல்லாணிப் பக்கம் போனால் ஆதி ஜெகந்நாதர் கோயில் பாயசம். உள்ளே போய் வாங்கிவர என்னை அனுப்பிவிட்டு வெளியே பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பீர்கள், கொண்டுவந்து கொடுத்தால் பாதியை நீங்களே காலி பண்ணுவீர்கள். நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் பருப்புப் பொடியும் நம் முண்டு மிளகாய்ப் பொடியும் உங்களால் வந்த பழக்கம்தான். 2023-இல் அந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பலாமா என்று நினைத்தேன். அனுப்பவில்லை. அப்போது நாம் பேசிக்கொள்கிற நிலையில் இல்லை.

அதற்குக் காரணம் அந்தக் கஞ்சி.

2018. ரமலான் நோன்பும் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாக வந்த வருஷம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு இறங்காது. மீன் இல்லாத காலத்தில் எனக்குச் சுலபமாக இருக்கும் என்று ஆபீஸில் எல்லோரும் நினைத்தார்கள். கடலுக்குப் போகிற ஆள் இல்லையென்றால் கரையில் கடை எதற்கு? நாம் தணிக்கைக்குப் போயிருந்த ஊரில் இட்லிக்காரம்மா முதற்கொண்டு கடையை அடைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். படகுகளைக் கரையேற்றி பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்கடையில் முறுக்குப் பாக்கெட் தவிர ஒன்றுமில்லை. நான்கு மணிக்கெல்லாம் எண்கள் கண்ணில் மிதக்க ஆரம்பித்தன. நீங்கள் விடியலுக்கு முன்னால் சாப்பிட்டவர், அந்த வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எதிரில் உட்கார்ந்து வவுச்சரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பசிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாமல் தேவிபட்டினத்தில் உங்கள் சாச்சிக்கு, அதாவது சின்னம்மாவுக்கு, போன் போட்டிருக்கிறீர்கள். பஸ் விட்டு இறங்கியபோது ஒரு பையன் தூக்குவாளியோடு நின்றான். நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து, மூடியில் எனக்குத்தான் முதலில் ஊற்றினீர்கள். நொய்யும் பாசிப்பருப்பும் குழைந்து, தேங்காய்ப்பால் சேர்த்து, வெந்தயமும் பூண்டும் புதினாவுமாக ஆவி வந்தது. கூடவே பட்டை கிராம்பு வாசம். அந்த வாசம் எனக்குக் கறியைத்தான் ஞாபகப்படுத்தும், அதற்கு நான் என்ன செய்ய?

"கறி போடலையே லாத்தா?"

"போடல."

"கறி ஆக்குன சட்டியில எடுக்கலையே?"

"தனிச் சட்டிதான், சொல்லித்தான் செய்யச் சொன்னேன்."

அப்போது மூடியில் கருப்பாக ஒன்று மிதந்தது. அதை விரலால் எடுத்துத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கருகிய வெங்காயம். ஒரு கணம்தான், ஆனால் நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"விடிஞ்சதுலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்து ஒனக்கு மொதல்ல ஊத்திக் கொடுக்குறேன். என் கையையும் நம்ப மாட்டியா?"

பாங்கு சொன்னது. ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தீர்கள், அவ்வளவுதான். கஞ்சியைத் தொடவில்லை. நான் குடித்தேன், இன்னொரு மூடியும் ஊற்றிக் குடித்தேன், பசி அப்படி. மிச்சத்தை மூடிப் பையனிடம் திருப்பிக் கொடுத்தீர்கள். ராம்நாடு வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தீர்கள்.

அன்றைக்கே சண்டை போட்டிருந்தால் அதோடு போயிருக்கும். நீங்கள் அதை ஆபீஸில் கதையாக்கினீர்கள். "இவளுக்குக் கடக்காத்துலயும் மீன் இருக்குமான்னு சந்தேகம்." எல்லோரும் சிரித்தார்கள். மேலதிகாரி ஒருவர் அதையே கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார், இன்னும் சொல்கிறார். நான் வெங்காயத்தைத் தூக்கிப் பார்த்ததை அபிநயம் பிடித்துக் காட்டியது நீங்கள், லாத்தா. வேறு யார் செய்திருந்தாலும் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, கேட்டது தப்பு என்று தோன்றவில்லை. மதுரைக்குப் பயிற்சிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று "ஹலாலா?" என்று கேட்டீர்கள். பதில் சொன்னவர் முகம் சரியில்லை என்று அடுத்த கடைக்குப் போனோம். வெயிலில் உங்கள் கூடவே நடந்தேன், ஏன் இத்தனை கேள்வி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் ஒன்றும் சரிவராமல் இரண்டு பேரும் சைவ ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டோம். கடைக்காரர்களை அவமானப்படுத்தவா கேட்டீர்கள்? உங்கள் உடம்புக்குள் போவது என்னவென்று தெரிந்துகொள்ளக் கேட்டீர்கள். நானும் அதற்குத்தான் கேட்டேன். இந்தக் கரையில் என்னை நன்றாகப் புரிந்துகொள்ள ஒரு ஆள் உண்டென்றால் அது நீங்கள்தான் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். நான் கேட்டது கடைக்காரனிடம், நீ கேட்டது என்னிடம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வயிறு ஆள் பார்த்துக் கேட்பதில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம், அது போதாது என்று எனக்கே தெரிகிறது. சாச்சி அன்றைக்கு அடுப்பில் இரண்டு சட்டி வைத்துக் கஷ்டப்பட்டதற்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லி அனுப்பவில்லை. அவர் இப்போது இல்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கும் நான் வரவில்லை. வந்தால் நீங்கள் எல்லோர் முன்னாலும் என்ன சொல்வீர்களோ என்று பயந்தேன். இதற்கு மேல் இதை இங்கே எழுத வேண்டாம்.

நம்மை வேறு வேறு பக்கம் போட்ட பிறகு தனியாகத்தான் சுற்றுகிறேன். அடுப்படிக்குப் போய் நானே கேட்கிறேன். "கல்லைக் கழுவிட்டு ஊத்துங்கண்ணே" என்று சொல்லும்போது உங்கள் குரல்தான் வருகிறது, கோபம் வருகிற நாட்களிலும் அப்படித்தான் வருகிறது.

புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். சைவம். முட்டைகூடத் தொடுவதில்லை, சாயல்குடிப் பக்கம் போட்டிருக்கிறார்கள், போன வாரம் அவளும் பன்னும் பழமுமாகத்தான் திரும்பி வந்தாள். அவளுக்காகச் சில விஷயங்கள் வேண்டும். சாயல்குடியில் கம்பங்கூழும் மோர்மிளகாயும் விற்ற ஆச்சி இன்னும் கடை போடுகிறாரா? ஏர்வாடியில் உங்களுக்குத் தெரிந்த வீட்டில் சொன்னால் மத்தியானத்துக்கு ரசம் சோறு கிடைக்குமா, காசு கொடுத்துத்தான். தொண்டி பஸ் ஸ்டாண்டில் கல்லைத் தனியாக வைத்திருந்த அந்தக் காக்காவின் நம்பர் உங்களிடம் இருக்கும். எனக்கு அனுப்ப மனசில்லையென்றால் அவளுக்கே அனுப்புங்கள், அவள் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன்.

விழாவுக்கு வருவேன், பின்வரிசையில் இருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழக்கரைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன், வேண்டாம் என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். உங்கள் ஊர்ப் பலகாரங்களில் ஓட்டுமாவிலும் வட்டிலப்பத்திலும் முட்டை இருக்கும், அவை வேண்டாம். துதல் அல்வா கிண்டினால் ஒரு துண்டு எடுத்து வையுங்கள். அதில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்பேன், லாத்தா. சொல்லுங்கள்.