முட்டை ஓடு சேர்த்தால் மக்கிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவுக் கழிவிலிருந்து பொருள் செய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'கழிவைப் பொடித்துப் பிளாஸ்டிக்கில் கலந்தால் போதும், மக்கிவிடும்' என்று அதில் ஒரு வரி. மூன்று நாளாக அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

நான் 22 வருடமாக, பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் மோல்டிங் பட்டறையில் இருப்பவன். பாலிபுரொப்பிலீன் என்ற மக்காத பிளாஸ்டிக்கில் 30 சதவீதம் முட்டை ஓட்டுத் தூள் போட்டால், மீதி 70 சதவீதம் பாலிபுரொப்பிலீன்தானே? ஓடு சேர்ந்த புண்ணியத்தில் அது மக்கத் தொடங்கிவிடாது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லை அரைத்து நாங்கள் காலங்காலமாகக் கலப்பதும் அதேதான். கல்லுக்குப் பதில் ஓட்டுத் தூளைப் போட்டால் கல் வெட்டுவது குறையும், குப்பைக்கும் ஒரு வழி பிறக்கும். அதை எழுதுங்கள், கைதட்டுகிறேன்.

'கலந்தால் போதும்' என்பது அடுத்த வேடிக்கை. ஒருமுறை காபிச் சக்கையைச் சரியாகக் காயவைக்காமல், பிளாஸ்டிக்கோடு ஹாப்பரில், அதாவது இயந்திரத்தின் வாயில், கொட்டிவிட்டோம். ஈரம் ஆவியாகி, வந்த தட்டெல்லாம் கொப்புளம். மறுநாள் நன்றாகக் காயவைத்துப் போட்டால் உருகிய பிளாஸ்டிக் குழம்பு கெட்டியாகி அச்சு நிரம்பவில்லை. சூட்டைக் கூட்டினோம். 200 டிகிரியைத் தாண்டியதும் கருகல் நாற்றம், உள்ளே நிற்க முடியவில்லை. அப்படியே தேறி வந்த தட்டும் வளைத்தால் மளுக்கென்று போனது. சக்கைக்குத் தண்ணீர் பிடிக்கும், பிளாஸ்டிக்குக்குப் பிடிக்காது. இரண்டையும் ஒட்டவைக்க மெலிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளை ஏற்றிய பாலிபுரொப்பிலீனைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தங்களுக்குத் தெரியாததா?

போன வருடமும் இப்படித்தான். பிஎல்ஏ என்ற தாவர மூலப் பிளாஸ்டிக்கில் செய்த கரண்டியைத் தோட்டத்தில் புதைத்தால் உரமாகிவிடும் என்று போட்டீர்கள். 60 டிகிரி அளவுக்குச் சூடு நிற்கும் உரக்கூடத்தில்தான் அது ஒழுங்காக மக்கும் என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். வரவில்லை. அட்டைப்படம் அருமை என்ற கடிதம் மட்டும் பெட்டி கட்டி வந்திருந்தது. சரி, அதுவும் முக்கியம்தான். 'தமிழில் அறிவியல் எழுத ஆளில்லை' என்று தலையங்கத்தில் வருந்தியதும் தாங்கள்தான் என்பதை மரியாதையோடு நினைவூட்டுகிறேன்.

நான்கு பக்கமெல்லாம் இப்போது கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இனி இப்படிக் கட்டுரை வந்தால், கழிவோடு கலந்தது எந்தப் பிளாஸ்டிக், எத்தனை சதவீதம் என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்