நோட்டோடு வந்த அக்காவுக்கும், எங்களுக்குச் சோறு போட்ட எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம் தாமிரபரணிக் கரையோரம் இருக்கிற ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18-இல் வந்த மழை வெள்ளத்தில் எங்களுக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. வீட்டில் இன்னும் சகதி வாடை போகவில்லை. ஆனாலும் பொங்கல் வருவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள், எனக்கும் அது தள்ளிப்போடுகிற காரியமாகத் தோன்றவில்லை.

முதலில் அந்த அக்கா. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து ஊர் மகளிர் குழுவில் இருக்கிறார்கள். தண்ணீர் வடிந்து ரோட்டில் வண்டி வர ஆரம்பித்ததும் எங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் நிறையவே வந்தது. எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம், பிரியாணி, பிரெட். கொடுத்தவர்கள் எல்லோரும் மனதாரத்தான் கொடுத்தார்கள். ஆனால் அம்மாவுக்குச் சுகர், பல்லும் கிடையாது, போதாக்குறைக்கு வாயெல்லாம் புண். பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பாள், "எனக்குப் பசிக்கலை, நீ சாப்பிடு" என்று நகர்த்திவிடுவாள். ஊரே பட்டினி கிடந்து எழுந்திருக்கிற நேரத்தில், எங்கம்மாவுக்குக் காரமில்லாமல் வேண்டும் என்று யாரிடம் போய் வாய் திறப்பது?

அக்கா முதல் தடவை வந்தபோது சாப்பாடு எதுவும் கொண்டுவரவில்லை. கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற நோட்டு ஒன்று, நனையாமல் இருக்க பாலிதீன் பையில் சுற்றியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பொட்டலம் கொண்டுவந்த வண்டிகள் எட்டிப்பார்க்காத எங்கள் உள்தெரு வரைக்கும் சேற்றில் நடந்து, வீடு வீடாக நின்று விசாரித்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, "ஆச்சி, உங்களுக்கு என்ன சாப்பிட ஒத்துக்கும்?" என்று கேட்டார்கள். அம்மாவுக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அப்புறம், "கஞ்சி இருந்தாப் போதும் தாயி" என்றாள். "ஆச்சி, சுகர், பல் இல்லை, கஞ்சி, மாத்திரை போச்சு" என்று அவர்கள் எழுதியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கு மேல் வரியில் எதிர்வீடு: "கைக்குழந்தை, பால் பவுடர், வெந்நீர் போட அடுப்பு இல்லை." அதற்கும் மேலே ஒரு வீட்டுக்கு "நாப்கின்" என்று மட்டும் இருந்தது.

மறுநாள் காலையில் தூக்குவாளி நிறையச் சிறுபயறு போட்ட கஞ்சி வந்தது, சூடாக. கூடவே ஒரு துண்டு வாழையிலையில் தேங்காய்த் துவையல், மிளகாயைக் கிள்ளிப் போட்டதோ இல்லையோ என்கிற அளவுக்குக் காரம். அம்மா குடித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். வெள்ளம் வந்த ராத்திரியில்கூட அழாதவள். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வேலை பார்க்கிற பெண்ணிடம் சொல்லி, சுகர் மாத்திரையையும் அக்காவே வரவழைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

மற்றவர்களை இப்படி மொத்தமாகச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்த மீனவ அண்ணன்மார், ஹெலிகாப்டரில் சாப்பாடு கொண்டுவந்து போட்டவர்கள், தங்கள் ஊரே 95 செ.மீ. மழையில் மூழ்கிக் கிடந்தும் எங்களுக்கு அரிசியும் போர்வையும் அனுப்பிவைத்த காயல்பட்டினத்து அண்ணாச்சிமார், கதவைத் திறந்து வைத்த கோயில், சர்ச், பள்ளிவாசல்காரர்கள், வேறு மாவட்டங்களிலிருந்து வந்து எங்கள் தெருவை அள்ளிச் சுத்தம் செய்த தூய்மைப் பணியாளர்கள், கம்பத்தில் ஏறிக் கரண்ட் கொடுத்த மின்வாரியத் தொழிலாளர்கள். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸோடு மாட்டிக்கொண்ட ஏறக்குறைய 800 பயணிகளுக்குத் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்த புதுக்குடி மக்களுக்கும், எங்களுக்குச் செய்ததாகவே நினைத்து நன்றி சொல்கிறேன்.

அந்த நோட்டு என் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. யோசித்துப் பார்த்தால் அதில் எழுதியது முக்கால்வாசி ஏற்கெனவே எங்கேயோ எழுதித்தான் இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை பேர் என்று ரேஷன் கடையில் இருக்கிறது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கிறார்கள். சுகர், பிரஷர்காரர்கள் யார் யார் என்பது வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிற பெண்ணுக்கு மனப்பாடம். ஆனால் தண்ணீர் வருகிற அன்றைக்கு, முதல் படகு எந்த வீட்டுக்குப் போக வேண்டும், கஞ்சி யாருக்கு வேண்டும் என்று ஒரே தாளில் பார்க்க ஊரில் ஒருவரிடமும் எதுவும் இல்லை. அதைத்தான் அக்கா தனியாளாக நடந்து எழுதினார்கள். அடுத்த மழைக்கும் அவர்கள் ஒருவரே வந்து எழுதட்டும் என்று நாம் உட்கார்ந்திருக்க முடியாது.

வருகிற ஜனவரி 26 கிராம சபைக்கு நான் போகிறேன். ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லோரும் அந்தச் சபையில் உறுப்பினர்தான், யாரும் கூப்பிட வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். வார்டு வாரியாக இந்த மாதிரி ஒரு பதிவேடு வேண்டும், நிவாரணம் கொண்டுவருகிற எந்த அமைப்பும் முதலில் அதைக் கேட்டுவிட்டுப் பொட்டலம் கட்ட வேண்டும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருகிற அக்டோபர் 2 சபையில் ஒவ்வொரு வருஷமும் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று தீர்மானம் கொடுக்கப் போகிறேன். எங்கள் தெருவில் பேசிவிட்டேன், கூட வருவதாகப் பெண்கள்தான் அதிகம் சொல்லியிருக்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிற வரைக்கும் எழுந்து வரமாட்டோம்.

அக்கா, ஒரு உதவி. அன்றைக்கு வீடு வீடாக என்னென்ன கேட்டீர்கள் என்று, ஆட்கள் பேரை விட்டுவிட்டு, கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். 26-ஆம் தேதிக்கு முன்னால் கிடைத்தால் அதையே தீர்மானத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.