மலைப்பணிக் குழு: செயலாளரின் 2025ஆம் ஆண்டறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐக்கிய உறுப்பினர்களுக்கும், போதகர் ஐயாவுக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் அன்பின் வணக்கம். சின்சினாட்டியில் உள்ள நம் தமிழ் ஐக்கியத்தின் மலைப்பணிக் குழு இந்த ஆண்டு செய்ததை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன, கூட்டக் குறிப்புப் புத்தகம் மேசையில் இருக்கிறது. அதனால் நான் நேராக வேலையைப் பற்றிப் பேசுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிருந்து ஒஹையோ ஆற்றைத் தாண்டி, லெக்சிங்டன் வழியாகப் போய், மவுண்டன் பார்க்வேயில் ஏறி, கேம்ப்டனில் 15ஆம் எண் சாலைக்குத் திரும்பினால் சுமார் மூன்று மணி நேரத்தில் கிழக்குக் கென்டக்கி மலைகளுக்குள் இருப்போம். இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் ஓடை, ஓடையை ஒட்டி ஒரு வண்டி மட்டும் போகிற பாதை, பாதையோரம் எட்டுப் பத்து வீடுகள். அந்த இடுக்கை அவர்கள் 'ஹாலர்' என்பார்கள். வீடுகளில் பாதி டிரெய்லர் வீடுகள், அதாவது தொழிற்சாலையில் செய்து இழுத்துவந்து நிறுத்தியவை. தரை உளுத்த வீடு, கூரை ஒழுகும் வீடு, படி உடைந்துபோய்ப் பெரியவர்கள் வெளியே வர முடியாத வீடு, இவைதாம் சரிசெய்ய நமக்கு ஒதுக்கப்படுபவை. ஒதுக்கித் தருவது அந்த மலையிலேயே வேரூன்றிய ஒரு கிறிஸ்தவ ஊழியம். வீட்டுக்காரர்களிடம் ஒரு காசு வாங்குவதில்லை, எந்தச் சபைக்குப் போகிறீர்கள் என்றும் கேட்பதில்லை.

இப்படிக் கோடைக்கு ஒரு வாரம் போய் வீடு சரிசெய்யும் வழக்கம் பழையது. 1969இல் டெக்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் 50 பேரைத் திரட்டிக்கொண்டு பார்பர்வில் ஊரில் நான்கு குடும்பங்களின் வீடுகளைப் பழுதுபார்த்தார். அப்படித் தொடங்கியதுதான் அப்பலாச்சியா சர்வீஸ் ப்ராஜெக்ட். வீடு கதகதப்பாக, பத்திரமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் குறிக்கோள். நம் வேலைக்கும் அதற்கு மேல் ஓர் இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

இனி ஜூன் மாதப் பயணம். இரண்டு வேன்களில் போனோம். புது வீட்டில் வேலை தொடங்கும் முன், போன வருடம் நாம் தரை மாற்றிக் கொடுத்த வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் தச்சு வேலை தெரிந்த நம் அண்ணனும் போனோம். அந்த அம்மாவைப் பேரப்பிள்ளைகள் 'மேமா' என்று கூப்பிடுவார்கள். அந்த ஊரில் பாட்டியை அப்படித்தான் அழைப்பது, நம் பிள்ளைகளும் இப்போது அப்படித்தான் அழைக்கிறார்கள். மேமா எங்களைக் கட்டிப்பிடித்து வரவேற்று, வாசல் திண்ணையிலேயே நாற்காலி போட்டார். உள்ளே போய்த் தரையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, எல்லாம் நன்றாக இருக்கிறது, முதலில் டீ குடியுங்கள் என்றார். டீ குடித்த பிறகு நானாகவே உள்ளே போனேன். குளியலறை வாசலில் ஒரு துணிக்கூடை வழியை அடைத்துக்கொண்டு இருந்தது. கூடையை நகர்த்திவிட்டுக் கால் வைத்தேன். தரை பஞ்சுமாதிரி அமுங்கியது.

நாம் போட்ட தரை அது. போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாங்கள் மனம் நோகக் கூடாது என்று அந்த அம்மா கூடையை வைத்து மறைத்திருக்கிறார்.

அண்ணன் டிரெய்லருக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கழிப்பறைக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் இணைப்பில் சொட்டு சொட்டாகக் கசிவு. போன வருடமும் அது கசிந்துகொண்டுதான் இருந்திருக்கும். உளுத்த துகள் பலகையை எடுத்துவிட்டு நல்ல பிளைவுட் போட்டோமே தவிர, அது ஏன் உளுத்தது என்று நாம் தேடவில்லை. அப்புறம், வீட்டுக்கு அடியில் இருந்த வெறும் மண்மேல் பிளாஸ்டிக் விரிக்கவில்லை. கோடையில் அந்த மண்ணிலிருந்து எழும் ஈரம் நேராக மரச் சட்டங்களில் போய் ஏறுகிறது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டையும் விட்டிருக்கிறோம். குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைச் சபை முன் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தவறு ஊழியத்துடையது அல்ல, நம்முடையது. போன வருட ஆண்டறிக்கையில் இந்த வீட்டை 'முடிந்தது' என்று எழுதியவன் நான்.

புது வீட்டு வேலையிலிருந்து இரண்டு நாளை எடுத்து மேமா வீட்டுக்குக் கொடுத்தோம். குழாயை மாற்றினோம். ஊறிப்போன சட்டங்களுக்குப் பக்கத்தில் புதுச் சட்டம் சேர்த்துப் பிணைத்தோம். மண்மேல் தடித்த பிளாஸ்டிக்கை விரித்து ஓரங்களைக் கல் வைத்து அமுக்கினோம். குளிரைத் தடுக்கத் தரைக்கு அடியில் வைத்து, இப்போது தொங்கிக்கொண்டிருந்த பஞ்சுக் காப்பை மேலே ஏற்றிக் கட்டினோம். அந்த அடிப்பகுதிக்குள் நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லை. மல்லாந்து படுத்து, முகத்தில் மண் உதிர உதிர, நம் வாலிபர் இருவர் மாறி மாறிச் செய்தார்கள். வேலை நடந்த இரண்டு நாளும் மதியத்துக்கு மேமாதான் சமைத்தார். பின்ட்டோ பயறு வேகவைத்த சூப் பீன்ஸ், இரும்புச் சட்டியில் சுட்ட சோள ரொட்டி. 'சௌ-சௌ' வேண்டுமா என்று கேட்டபோது நம்மவர்கள் காயை நினைத்துக்கொண்டார்கள். அது முட்டைக்கோஸும் பச்சைத் தக்காளியும் போட்ட ஊறுகாய். நம் எலுமிச்சைச் சாதத்துக்கு அது அவ்வளவு பொருத்தம். இரண்டாம் நாள் நம் சாதத்தை மேமாவும் பேரப்பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

புது வீடு, நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரியாமல் இருக்க அதில் இரும்பு ஆணி இறக்கும் வேலை பார்த்த ஒரு பெரியவருடையது. நுரையீரலில் கரித்தூசி நோய். இப்போது அந்தப் பக்கத்தில் நல்ல நிலக்கரி அடுக்குகள் மெலிந்துவிட்டன. மெல்லிய அடுக்கை எடுக்கப் பாறையையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கிறது, பாறைத் தூசி கரித்தூசியைவிடக் கொடியது. ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு படி இறங்க அவரால் முடியாது. சக்கர நாற்காலி போகும் சாய்தளம் ஒன்று வேண்டும். வாசல் தரையிலிருந்து 30 அங்குல உயரம். ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம் என்பது கணக்கு, அப்படியென்றால் 30 அடி நீளம். முன்புறத்தில் அவ்வளவு இடம் இல்லை. அதனால் பாதியில் ஒரு சமதளம் வைத்துத் திருப்பினோம். அந்தச் சமதளத்தில் ஒரு பெஞ்சு போடச் சொல்லிக் கேட்டது அவர்தான், நடுவில் மூச்சு வாங்க உட்கார. அவர் நாற்காலியில் இருந்தபடியே எங்கள் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆணி சட்டத்தில் பிடித்தால் ஒரு சத்தம், பிடிக்காமல் வெறுமனே இறங்கினால் வேறு சத்தம். "அது பிடிக்கவில்லை, தம்பி, பிடுங்கு" என்ற அர்த்தத்தில் அவர் விரலை அசைப்பார். மூன்றாவது நாள் நம் பையன்கள் அவர் விரலைப் பார்க்காமலே சத்தத்தில் கண்டுபிடித்தார்கள். இரண்டு நாள் குறைந்ததால் கைப்பிடிகள் மீதி நின்றன. ஜூலையில் ஒரு சனிக்கிழமை நான்கு பேர் போய் முடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

வேனில் வரும்போது ஒரு பிள்ளை கேட்ட கேள்வியை இங்கேயும் சொல்ல வேண்டும். "இவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் இவர்கள் வேறு ஊருக்குப் போகக் கூடாது?" போனார்கள். லட்சக்கணக்கில் போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுரங்கங்களில் இயந்திரம் வந்து வேலை குறைந்தபோது டெட்ராய்டுக்கும் டேட்டனுக்கும் நம் சின்சினாட்டிக்கும் வந்து தொழிற்சாலைகளில் சேர்ந்தார்கள். இங்கே லோயர் பிரைஸ் ஹில் பக்கம் போனால் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம். பிழைப்பு தேடி ஊரைவிட்டு வந்த நமக்கு அது புரியாத கதை அல்ல. எல்லோரும் கிளம்பிவிட முடியாது, யாராவது ஒருவர் அம்மாவோடும் நிலத்தோடும் இருக்க வேண்டும் என்பதும் நமக்குப் புரியும்.

நிலமும் முழுசாக அவர்களிடம் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கம்பெனி ஆட்கள் வந்து மேலே உள்ள மண் உனக்கு, கீழே உள்ள கரி எனக்கு என்று சொற்பக் காசுக்கு எழுதி வாங்கினார்கள். அந்தப் பத்திரத்தை வைத்துப் பின்னாளில் மேல் மண்ணையே புரட்டித் தோண்டினார்கள். கென்டக்கி மக்கள் 1988இல்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி அதைத் தடுத்தார்கள். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1964 ஏப்ரலில் ஐனெஸ் என்ற ஊரில் ஒரு வீட்டு வாசலில் அமர்ந்து வறுமையைப் பற்றிப் பேசியது இந்தக் கிழக்குக் கென்டக்கியில்தான். அதன் பிறகு சாலைகள் வந்தன, ஆஸ்பத்திரிகள் வந்தன, பள்ளிகள் நன்றாயின. வேலைதான் நிலைக்கவில்லை.

2022 ஜூலை வெள்ளத்தில் அந்த மலைகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது நிவாரணத்துக்கு எழுதிப்போட்ட பலர், வீடு தங்களுடையது என்று காட்ட முடியாமல் திண்டாடினார்கள். பத்திரம் கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கும், பாகம் பிரித்திருக்க மாட்டார்கள், பங்காளிகள் பத்து ஊரில் இருப்பார்கள். தாத்தா பெயரில் உள்ள பட்டாவோடு தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதனால்தான் இந்தப் பகுதியில் வீடு சரிசெய்ய அரசுப் பணம் கிடைப்பதும் சிரமமாக இருக்கிறது. இந்த ஆண்டு பிப்ரவரி நடுவில் மறுபடியும் வெள்ளம். சாலை திறந்ததும் நம்மில் சிலர் மண்வாரியும் உறிஞ்சு இயந்திரமும் எடுத்துக்கொண்டு போய்ச் சேறு அள்ளிவிட்டு வந்தார்கள். விடுப்பு எடுத்துப் போன அந்தச் சகோதரர்களுக்கு ஐக்கியத்தின் நன்றி.

சபை முடிவு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. பழைய துணி சேகரிப்பதை நிறுத்தலாம் என்று குழு கேட்டுக்கொள்கிறது. அன்போடுதான் கொடுக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அங்கே பிரித்து வைக்க ஆளும் இடமும் இல்லை, நம் வேனில் பலகைக்கும் இடம் போய்விடுகிறது. அந்தப் பணத்தைக் கொடுத்தால் அந்த ஊர்க் கடையிலேயே மரமும் ஆணியும் வாங்குவோம், காசும் அங்கேயே சுற்றும். இன்னொன்று, வீட்டுக்காரர்கள் முகம் தெரியும் படங்களை இனி வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். ஒழுகும் கூரைக்குக் கீழே நிற்கும் நம் அம்மாவைப் படம் எடுத்து யாராவது ஊரெல்லாம் அனுப்பினால் நமக்கு எப்படி இருக்கும்?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். வருடம் ஒரு புதுக் குழு, ஒரு புது ஹாலர் என்று போவதை விட்டுவிட்டு, போன ஆட்களே அதே ஹாலருக்குத் திரும்பப் போக வேண்டும். நாம் திரும்பிப் போனதால்தான் அந்தத் துணிக்கூடைக்கு அடியில் இருந்தது தெரிந்தது. போகாமல் இருந்திருந்தால், அந்தத் தரை ஒருநாள் மேமாவின் காலோடு உள்ளே போயிருக்கும், நாமோ அதை நம் சாதனைக் கணக்கில் வைத்திருப்போம். என் அம்மா நர்சிங் படித்தது வேலூரில். ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை அது, அமெரிக்கச் சபைகளின் காணிக்கை அதற்குப் போய்க்கொண்டே இருந்தது. ஐடா அம்மாவும் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பவில்லை, தம் ஆயுள் முழுக்க அங்கேயே ஊழியம் செய்தார். நம்மிடம் ஆயுள் கேட்கவில்லை. வருடத்துக்கு மூன்று நடை கேட்கிறேன்: ஜூனில் ஒரு வாரம், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, குளிர் கடுமையாகும் முன் டிசம்பரில் ஒன்று, குழாய் உறையாமல் சுற்றிக் கட்ட.

சமைத்துக் கட்டிக் கொடுத்த பெண்கள் ஐக்கியத்துக்கும், வேன் கொடுத்த குடும்பங்களுக்கும், முழங்கால் வலியோடு அடியில் ஊர்ந்த நம் தச்சர் அண்ணனுக்கும் நன்றி. இரம்பத்துக்குப் பக்கத்தில் 18 வயதுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது என்ற விதியை எல்லோரும் காத்தார்கள். கர்த்தருடைய கிருபையால் ஒருவருக்கும் அடிபடவில்லை.

டிசம்பர் நடைக்குப் பெயர் எழுதும் தாள் பின் மேசையில் இருக்கிறது. ஆறு பேர் போதும், குழாய் வேலை தெரிந்த ஒருவராவது வேண்டும். மேமா வீட்டில் புதுத் தரை சற்று உயர்ந்துவிட்டதால் குளியலறைக் கதவு அடியில் உரசுகிறது. அதையும் அன்றைக்கே இழைத்துவிட்டு வர வேண்டும், யாராவது மறக்காமல் இழைப்புளி எடுத்து வாருங்கள்.

செயலாளர்,
மலைப்பணிக் குழு