அடுத்த பேரிடர் வருமுன் குத்தகை உழவரின் பெயரை எழுதுங்கள்

ஒன்றிய வேளாண் அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு வேளாண்மை - உழவர் நலத் துறைக்கும் வணக்கம்.

2020 மார்ச் 26, கொரோனா ஊரடங்கின் இரண்டாம் நாள். 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அதில் உழவர்களுக்கென்று சொல்லப்பட்டது, 8.7 கோடிப் பேருக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் தலா 2,000 ரூபாய். பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு மூன்று தவணையாக வரவேண்டிய 6,000 ரூபாயில் ஒரு தவணைதான் அது. சற்று முன்னதாக வந்தது. கையில் காசில்லாத அந்த நாட்களில் அதுவும் உதவியே. தொகை போதுமா என்பதை இன்னொரு நாள் பேசலாம். அது யார் கைக்குப் போனது என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

தன் பெயரில் நிலம் உள்ளவருக்கே அந்தப் பணம். குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் உழுபவர்கள் பட்டியலிலேயே இல்லை. அந்தக் கோடையில் தர்பூசணி வாங்க ஆளின்றி வயலிலேயே அழுகியது. கோயில்கள் மூடிக் கிடந்ததால் மல்லிகையைப் பறிக்கும் கூலிகூடக் கட்டவில்லை. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவர் நட்டப்பட்டார். நிவாரணமோ பட்டாதாரரின் வங்கிக் கணக்கில் ஏறியது, அவர் சென்னையில் குடியிருந்தாலும். மாமனார் பெயரில் பட்டா இருக்க, வயலை முழுக்கத் தானே பார்க்கும் பெண்களின் கதையும் இதுதான்.

அதே 2020இல் தமிழ்நாட்டில் வெளிவந்த பிஎம் கிசான் முறைகேட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது. பட்டாவைக் காவலுக்கு வைத்தும் பொய்ப் பெயர்கள் உள்ளே நுழைந்தன. மெய்யாக உழுதவர் மட்டும் வெளியே நின்றார்.

குத்தகை ஏன் எழுத்தில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் 1969ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. பதிவு செய்தால் நிலத்தை மீட்க முடியாது என்ற அச்சம் உடைமையாளருக்கு. கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற அச்சம் குத்தகைதாரருக்கு. ஆகவே எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

ஆந்திரம் 2019இல் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது. பதினொரு மாதங்களுக்குச் சாகுபடியாளர் அட்டை. நில உரிமைக்கு அதனால் பங்கமில்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் உடைமையாளர் கையொப்பம் வேண்டும் என்றதால் பலருக்கு அட்டை எட்டவில்லை. அந்த ஒரு பிழையை மட்டும் நாம் தவிர்த்துவிடலாம்.

நம்மிடம் அடங்கல் இருக்கிறது. எந்த வயலில் என்ன பயிர், யார் சாகுபடி என்று கிராம நிர்வாக அலுவலர் எழுத வேண்டிய பதிவேடு அது. பயிர்க் காப்பீட்டில் குத்தகை உழவரும் சேரலாம். அவரிடம் பிரீமியம் வாங்க அரசுக்குத் தயக்கமில்லை. பிரீமியம் வாங்கும்போது உழவராக இருப்பவர், நிவாரணம் கொடுக்கும்போது எப்படி இல்லாமல் போகிறார்?

இப்போது நில உடைமையோடு ஆதாரை இணைத்து உழவர்களுக்குத் தனித்துவ அடையாள எண் தருகிறீர்கள். இதிலும் பட்டாவே நுழைவாயில் என்றால் 2020 மீண்டும் நடக்கும். ஒவ்வொரு போகத்திலும் வயலுக்கே வந்து அடங்கலில் சாகுபடியாளர் பெயரை எழுதுங்கள். கோயில், மடத்து நிலங்களில் உழுபவர்களிடமிருந்து தொடங்குங்கள். அந்தப் பெயருக்கு அடையாள எண் கொடுங்கள். உடைமையாளரின் கையொப்பம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து ஒரு உழவர் வீட்டுப் பிள்ளை